குடும்பமாக விளையாட மேசை விளையாட்டுத் தெரிவு செய்வது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டிசம்பர் விடுமுறை மழையோடுதான் வரும். பிள்ளைகள் வீட்டுக்குள்ளே, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அப்போதுதான் பலருக்கு விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கும் யோசனை வரும். யூடியூப்பில் பார்த்த பேர்போன பெட்டியை நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள். இரண்டு தரம் விளையாடுவார்கள், பிறகு அது அலுமாரி மேல் ஏறிவிடும். பெரும்பாலும் விளையாட்டில் பிழை இருப்பதில்லை. அந்த வீட்டு ஆட்களுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதனால் கடைக்குப் போகமுன் வீட்டைக் கொஞ்சம் கணக்கெடுக்க வேண்டும்.

முதலில் வீட்டுக் கணக்கு

வழக்கமாக எத்தனை பேர் உட்காருவார்கள்? விருந்தாளி வந்த நாளை விட்டுவிட்டு, சாதாரண சனிக்கிழமையை நினையுங்கள். பெட்டியில் ‘2–6 பேர்’ என்று இருந்தால் ஆறு பேருக்கும் அது ருசிக்கும் என்று அர்த்தமில்லை. காத்திருக்கும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள்: ஒருவர் தன் முறைக்கு இரண்டு நிமிடம் எடுத்தால், ஆறு பேர் ஆடும்போது உங்கள் முறை திரும்பி வரப் பத்து நிமிடம். எட்டு வயதுப் பிள்ளை அதற்குள் போனை எடுத்துவிடும். ஐந்து பேருக்கு மேல் என்றால் குழுவாக ஆடுவதையோ எல்லோரும் ஒரே நேரத்தில் யோசிப்பதையோதான் தேட வேண்டும்.

அடுத்தது வாசிப்பு. வெளிநாட்டுப் பெட்டிகளில் காட் முழுக்க ஆங்கில வசனம் இருந்தால், ஒவ்வொரு முறையும் யாராவது மொழிபெயர்க்க வேண்டிவரும். கையில் மறைத்து வைத்திருக்கும் காட்டை மொழிபெயர்த்துக் கேட்டால் இரகசியமும் போய்விடும். எண்ணும் நிறமும் படமும் மட்டுமே உள்ள விளையாட்டென்றால் அம்மம்மாவும் இரண்டாம் தரப் பிள்ளையும் சமமாக உட்காரலாம். வாங்கமுன் அந்தப் பெட்டியின் காட்டுகளை இணையத்தில் படமாகப் பாருங்கள். அட்டைப்படத்தை நம்ப வேண்டாம்.

சில வீடுகளில் தாயக்கட்டையோ கடதாசியோ சூதோடு சேர்ந்தது என்று தொடமாட்டார்கள். முஸ்லிம் குடும்பங்களில் பகடை வேண்டாம் என்போர் பலர். அப்படியானால் மனதை வருத்திக்கொண்டு ‘கற்றான்’ போன்ற பகடை விளையாட்டை வாங்க வேண்டியதில்லை. பகடையும் கடதாசியும் இல்லாத நல்ல விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன, கீழே வரும்.

நிறக்குருடு உள்ளவர் வீட்டில் இருந்தால் நிறத்தை மட்டும் நம்பும் விளையாட்டைத் தவிருங்கள். சிவப்பும் பச்சையும் அருகருகே வரும்போது அவர் தோற்றுக்கொண்டே இருப்பார், ஏனென்று யாருக்கும் விளங்காது.

யோசிக்க வைக்கிறதா, உருட்ட வைக்கிறதா

ஒரு விளையாட்டில் தந்திரம் இருக்கிறதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: உங்கள் முறை வரும்போது, இதுவா அதுவா என்று தடுமாறும் இரண்டு வழியாவது இருக்கிறதா? பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை, பகடைதான் எல்லாம் ஆடுகிறது. லூடோவில் எந்தக் காயை நகர்த்துவது என்ற அளவுக்கு உண்டு. ஐந்து வயதுக்கு அது போதும். பத்து வயதுக்குப் போதாது.

மொனோபொலி பல வீடுகளில் இருக்கிறது, பல வீடுகளில் சண்டையிலும் முடிகிறது. முதலில் பணம் முடிந்தவர் வெளியே போய் ஒரு மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை இன்னும் இழுப்பது நாமே சேர்த்த விதிகள்தான். அபராதக் காசை நடுவில் போட்டு, ‘ஃப்ரீ பார்க்கிங்’கில் நிற்பவருக்குக் கொடுப்பது மூல விதியில் இல்லை. ஒருவர் வாங்காமல் விட்ட காணியை உடனே ஏலம் விட வேண்டும் என்பது மூல விதியில் இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. இந்த இரண்டையும் திருத்தினாலே ஆட்டம் நன்றாகச் சுருங்கும். புதிதாக வாங்க எண்ணினால் வேறு வாங்குங்கள்.

காசு செலவழிக்க முன் வீட்டில் உள்ளவை

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 304 என்ற கடதாசி ஆட்டத்தை விட நல்ல தந்திர விளையாட்டு விலைக்குக் கிடைப்பது கஷ்டம். ஒரு கடதாசிக் கட்டில் 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதியில் 76, நாலு சாதியில் 304. முதலில் ஆளுக்கு நாலு கடதாசி போட்டு, அதை வைத்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று 160 இலிருந்து கேள்வி கேட்க வேண்டும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலும் வரும். பாதி தெரிந்து பாதி தெரியாமல் துணிவதுதான் இதன் சுவை. புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் சறுக்குவது ஒரே இடத்தில்: ஏஸும் கிங்கும் பெரிது என்ற பழக்கத்தில் ஒன்பதை அலட்சியமாக விட்டுவிடுவார்கள். புள்ளிப் பட்டியலை ஒரு துண்டில் எழுதி முன்னால் வையுங்கள். பழகியவரையும் பழகாதவரையும் ஒரு சோடியாகப் போடுங்கள்.

அதே கடைக் கடதாசி இரண்டு கட்டு வாங்கினால், எண் காய்களைச் சேர்த்து அடுக்கும் ரம்மிகப்பும் வீட்டிலேயே ஆடலாம். பெட்டியில் வருவது 1 முதல் 13 வரை நாலு நிறத்தில் இரண்டு தடவை, அதாவது 104 காய், அதோடு இரண்டு ஜோக்கர். இரண்டு கட்டுக் கடதாசியும் அதே 104தான். ஏஸ் 1, ஜாக் 11, குயின் 12, கிங் 13 என்று வைத்து, இரண்டு ஜோக்கரைச் சேருங்கள். ஆளுக்கு 14. ஒரே எண் வெவ்வேறு சாதியில் மூன்றோ நாலோ, அல்லது ஒரே சாதியில் மூன்றுக்குக் குறையாத வரிசை என்று சேர்த்து இறக்க வேண்டும். முதல் இறக்கம் கையில் உள்ளதை மட்டும் வைத்து 30 புள்ளி வர வேண்டும். அதன்பின் நடுவில் கிடக்கும் எதையும் பிரித்து, மாற்றி அடுக்கலாம். முறை முடியும்போது எல்லா அடுக்கும் சரியாக இருந்தால் போதும். இறக்க வழியில்லாதவர் ஒன்று எடுக்க வேண்டும். இதில் பாட்டிமார் பிள்ளைகளை வெல்வது சகஜம். ஒருவர் மாற்றி அடுக்கி இடையில் குழம்பிவிட்டால் பழையபடி வைக்கத் தெரியாமல் போகும், அதனால் தொடங்கமுன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பல்லாங்குழிக்குப் பலகை தேவையில்லை. சீமெந்துத் தரையில் சோக்கால் வரிசைக்கு ஏழாக 14 வட்டம், கழுவிக் காயவைத்த 84 புளியங்கொட்டை, குழிக்கு ஆறு. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். அதன் ஓடு உடைபட்டு, மென்று விழுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆட்டம் இதுதான்: உங்கள் பக்கக் குழியொன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போங்கள். கை முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் உள்ளது உங்களுக்கு, முறை முடிந்தது. அதுவும் வெறுமை என்றால் ஒன்றுமில்லை. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். விதி விளங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: முதல் முறையில் எந்தக் குழியில் தொடங்கினாலும் சரியாக 7 கொட்டைதான் கிடைக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ எங்கோ தவறிப் போட்டிருக்கிறீர்கள். உண்மையான யோசனை இரண்டாம் ஆளின் முறையிலிருந்து தொடங்கும்.

இரண்டு பேருக்கென்றால் ஆடு புலி. 23 சந்தி, 3 புலி, 15 ஆடு. பதினைந்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், அதைத் தொடங்கமுன் பேசிவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கம் மாறுவது முக்கியம், ஏனெனில் பழகாதவருக்கு ஆட்டுப் பக்கம் மிகவும் கஷ்டம்.

விலைக்கு வாங்குவதென்றால்

ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் குடும்ப விளையாட்டுக்குக் கொடுக்கப்படும் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதின் சின்னம் இலைமாலைக்குள் ஒரு சிவப்புக் காய். அந்தச் சின்னமுள்ள பெட்டியில் பெரும்பாலும் விதி எளிமையாகவும் நேரம் அளவாகவும் இருக்கும். கீழே சொல்லும் பலவும் அந்த விருது வாங்கியவை.

முதல் பெட்டிக்கு எங்கள் தெரிவு கார்க்கசோன். 72 ஓடு, ஒன்றை எடுத்து, பாதையோடு பாதை, மதிலோடு மதில் பொருந்த வைத்து, வேண்டுமென்றால் ஒரு ஆள் காயை அதில் நிறுத்துவது. எழுத்தே இல்லை, பகடையும் இல்லை, இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை. ஆட ஆட நடுவில் ஒரு நாடே விரிவதால் தோற்ற பிள்ளையும் படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். ஒருவருக்கு எட்டு ஆள் காய், அதில் ஒன்று புள்ளிப் பலகைக்குப் போகும். புதியவர்கள் மிச்ச ஏழையும் முதல் பத்து முறையிலேயே இறக்கிவிட்டு, பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இரண்டு ஆளையாவது எப்போதும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வயலில் படுக்கும் கமக்காரர் விதியை முதல் இரண்டு ஆட்டத்துக்குத் தொடவே வேண்டாம், அதில்தான் எல்லோரும் குழம்புவது.

அசூல் 2 முதல் 4 பேருக்கு. போர்த்துக்கேயச் சுவர் ஓடுகளைப் பார்த்துச் செய்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் பார்த்து வளரும் மட்டக்களப்புப் பிள்ளைக்கு அந்த ஓட்டுக் கதையும் சொல்லலாம். வட்டத் தட்டிலிருந்து ஒரு நிறத்தை முழுதாக அள்ள வேண்டும், வரிசையில் இடமில்லாதது கீழே விழுந்து கழிவுப் புள்ளியாகும். ‘நிறைய எடுத்தால் நல்லது’ என்று நினைக்கும் பிள்ளை இங்கேதான் அடிபடும், இரண்டாம் ஆட்டத்தில் திருந்திவிடும்.

பிளோக்கஸ் சரியாக நாலு பேர் உள்ள வீட்டுக்கு. நிறத்துக்கு 21 துண்டு, 400 கட்டம். உங்கள் துண்டுகள் மூலையில் மட்டும் தொடலாம், பக்கத்தோடு பக்கம் தொடக்கூடாது. 21 இல் 12 துண்டு ஐந்து கட்டம் கொண்டவை. அவற்றை முதலில் இறக்க வேண்டும். சின்னதை முதலில் போட்டவர் கடைசியில் பெரிய துண்டுகளோடு இருப்பார். மூன்று பேர் என்றால் நாலாவது நிறத்தை முறை வைத்து ஆட வேண்டும், அது அவ்வளவு சுகமில்லை.

க்வெர்க்கிலில் ஆறு உருவம், ஆறு நிறம், 108 கட்டை. நிறம் பிரித்தறியாதவருக்குச் சரிவராது. மற்ற எல்லோருக்கும் வரும்.

கற்றான், ஒரு தீவில் வீடும் பாதையும் கட்ட வேண்டிய பொருட்களைப் பேரம் பேசி மாற்றும் விளையாட்டு, 3 அல்லது 4 பேருக்கு மட்டும். இரண்டு பேருக்கு வேலை செய்யாது. ஐந்தாறு பேருக்கு வேறு இணைப்புப் பெட்டி வேண்டும், நேரமும் மிகவும் நீளும். பத்து வயதுக்கு மேற்பட்ட, பேரம் பேசப் பிடித்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பொன். ‘ஒரு செம்மறிக்கு இரண்டு செங்கல் தா’ என்ற இழுபறிதான் ஆட்டமே. பகடையில் விழும் எண் உள்ள காணிதான் பொருள் தரும் என்பதால், முதல் வீட்டை எங்கே கட்டுவது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது: இரண்டு பகடையில் 36 வழியில் 6 க்கும் 8 க்கும் ஐந்தைந்து வழி, 2 க்கும் 12 க்கும் ஒவ்வொன்றுதான். எண் வட்டுக்குக் கீழே உள்ள புள்ளிகள் அதைத்தான் காட்டுகின்றன. பலர் அதைக் கவனிப்பதேயில்லை. பேரம் பிடிக்காத வீட்டுக்கு, ஊருக்கு ஊர் ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைட் பொருந்தும். ஊர்ப் பேர் ஆங்கிலத்தில் இருந்தாலும் டிக்கெட்டில் சின்ன வரைபடம் இருப்பதால் சமாளிக்கலாம்.

கற்பனைக்கு: தமிழில் ஆடக்கூடியவை

டிக்ஸிட்டில் 84 படக் காட், ஒரு எழுத்தும் இல்லை. கதை சொல்பவர் தன் கையில் உள்ள ஆறு படத்தில் ஒன்றுக்கு ஒரு சொல்லோ வரியோ சொல்வார். மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து அதற்குப் பொருந்தும் படம் போட, கலைத்துப் பரப்பி, எது அவருடையது என்று கண்டுபிடிப்பது. எல்லோரும் கண்டுபிடித்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் கதை சொன்னவருக்குப் பூச்சியம். ஆகவே குறிப்பு பாதி திறந்து பாதி மூடியிருக்க வேண்டும். பழமொழி, கூத்துப் பாட்டு வரி, ஒரு கறியின் பெயர் எல்லாம் நல்ல குறிப்பு. ‘சிவப்புச் சட்டை’ என்று படத்தில் உள்ளதையே சொல்வது பிள்ளைகளின் முதல் பிழை. பெட்டி வாங்க முடியாவிட்டால் நாலு பேருக்கு 48 படம் போதும்: பழைய சஞ்சிகைப் படங்களை ஒரே அளவு பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டுங்கள். பின்பக்கம் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று வேறு நிறமென்றால் அது யாருடையது என்று தெரிந்துவிடும்.

கோட்நேம்ஸ், தலைவர் தரும் ஒரு சொல் குறிப்பை வைத்துத் தங்கள் குழுவின் சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஆங்கிலத்தில் வாங்குவதில் பயனில்லை, அதைத் தமிழில் செய்து எடுப்பதே நல்லது. ஒரு பிரிஸ்டல் போர்ட், மாக்கர், சதுரக் கோட்டுக் கொப்பித் தாள், இரண்டு நிற அட்டை. வேலை ஒரு பின்னேரம்.

தீப்பெட்டியளவு 100 அட்டை வெட்டி, ஆளுக்கு 25 சொல் எழுதக் கொடுங்கள். கையால் தொடக்கூடிய பொருட்கள், இரண்டு மூன்று பொருள் தரும் சொற்கள் நன்றாக வேலை செய்யும்: படி, ஆறு, மாலை, நூல், திங்கள், திரை, கட்டை, கச்சான். அன்பு, நீதி மாதிரிச் சொல் எல்லாக் குறிப்புக்கும் ஒட்டிக்கொள்ளும், அவற்றைத் தவிருங்கள். பிறகு கொப்பித் தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, 9 கட்டம் சிவப்பு, 8 நீலம், 7 வெறுமை, 1 கறுப்பு என்று தீட்டுங்கள். 9 உள்ள நிறம் முதலில் ஆடும். ஐந்து தாளில் சிவப்புக்கு 9, ஐந்தில் நீலத்துக்கு 9 என்று பத்துத் தாள் செய்தால், ஒவ்வொன்றையும் நாலு பக்கம் திருப்பலாம், 40 ஆட்டத்துக்குப் போதும்.

25 சொல்லை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பி, இரண்டு குழுத் தலைவர்கள் மட்டும் தாளைப் பார்க்க வேண்டும். தலைவர் ஒரு சொல்லும் ஒரு எண்ணும் சொல்வார், அந்தக் குறிப்புக்குப் பொருந்தும் தம் நிறச் சொற்கள் எத்தனை என்பதே எண். குழுவினர் அவற்றைத் தொட்டுக் காட்ட வேண்டும், கறுப்பைத் தொட்டால் தோல்வி. உங்களுக்கு ‘வலை’, ‘தோணி’, ‘கச்சான்’ மூன்றும் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். ‘கடல், 2’ என்றால் வலையும் தோணியும் வரும். ஆனால் கறுப்பில் ‘திரை’ இருந்தால் யாராவது ஒருவர் கடல் திரை என்று நினைத்துத் தொட்டு, ஆட்டமே அந்த இடத்தில் போய்விடும். ‘மீனவர், 2’ அதைவிடப் பாதுகாப்பு. கச்சானைக் காற்றாக எடுப்பதா கடலையாக எடுப்பதா என்பது அடுத்த முறைக் கவலை. ஒரு விதியை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்: தமிழில் சொல்லோடு சொல் ஒட்டும் என்பதால் ‘மீன்பிடிவலைக்காரன்’ என்று ஒரே மூச்சில் நாலு குறிப்பைத் தள்ளப் பார்ப்பார்கள். ஒட்டிய சொல் கூடாது. பரப்பியதில் ‘மீன்’ இருந்தால் ‘மீனவர்’ என்பதும் கூடாது.

வாங்கும்போது

கற்றான், அசூல், டிக்கெட் டு ரைட் மூன்றுக்கும் போலிப் பெட்டிகள் இணையத்தில் உண்டு. விலை மற்ற இடங்களை விட நம்ப முடியாத அளவு குறைவு, வெளியீட்டாளர் விலாசம் இல்லாத பெட்டி, மங்கிய அச்சு, வெட்டுக் கோடு படத்தின் மேலேயே போவது, ஒன்றுக்கொன்று அளவு மாறும் காட் ஆகியவை அடையாளம். காட் அளவு மாறினால் விளையாட்டே கெட்டுவிடும், கவிழ்த்து வைத்தாலும் அது எதுவென்று தெரியும். வந்த அன்றே விதிப் புத்தகத்தின் முதல் பக்கப் பட்டியலோடு எண்ணிப் பாருங்கள்.

கரம் போர்ட் என்றால் கடையிலேயே அடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து பலமாக அடித்த ஸ்ட்ரைக்கர் குறைந்தது மூன்று தடவையாவது போய் வர வேண்டும், ஒரு பக்கமாக இழுபடக் கூடாது. தவழும் குழந்தை இருந்தால் போரிக் பவுடரை எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் நாள்

ஒருவர் முதல்நாள் இரவே விதியை வாசித்துத் தனியாக இரண்டு பக்கமும் ஆடிப் பார்க்க வேண்டும். எல்லோரையும் உட்காரவைத்துப் புத்தகத்தை வாசிப்பதுதான் பெட்டிகள் அலுமாரி ஏற முதல் காரணம். எப்படி வெல்வது, உங்கள் முறையில் என்ன செய்யலாம், எப்போது முடியும் என்று இந்த ஒழுங்கில் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, கையில் உள்ளதை எல்லோருக்கும் தெரியத் திறந்து வைத்து ஒரு சுற்று ஆடுங்கள். மிச்ச விதி தேவை வரும்போது.

எல்லோரும் சேர்ந்து வெல்லும் ஃபோர்பிடன் ஐலண்ட் போன்றவற்றில் அப்பாவோ அண்ணாவோ மற்றவர் முறையையும் தானே ஆடிவிடுவார். முறைக்காரர் தன் யோசனையைச் சொல்லும் வரை மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்று வைத்தால் அடங்கும். நேர் எதிராக ஆடும் விளையாட்டில் சின்னப் பிள்ளைக்கு வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், அது கண்டுபிடித்துவிடும். தொடக்கத்திலேயே பத்துப் புள்ளி கூடக் கொடுங்கள், அல்லது ஒரு முறைக்கு ஒரு தடவை மாற்றி ஆட விடுங்கள்.

பாயில் ஆடுவதென்றால் நடுவில் ஒரு பிளைவூட் துண்டோ பெரிய தட்டோ வையுங்கள், பன்பாய் மடிப்பில் ஓடுகள் வழுக்கும். ஃபேன் காற்றைக் குறைத்து விடுங்கள்.

மழைக்காலத்தில் காட் ஈரம் உறிஞ்சி ஒட்டும், அட்டை வளையும். ஆடி முடிந்ததும் உடனே மூடாமல் கொஞ்சம் காய விட்டு, காட்டைக் கட்டுக் கட்டாக ஸிப் பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பக்கெட் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். பெட்டியைச் சீமெந்துத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்க வேண்டாம், ஈரமும் கறையானும் அங்கிருந்துதான் வரும். கரம் போர்ட்டைச் சுவரில் சாய்த்தே மாதக்கணக்கில் விட்டால் நடு வளைந்துவிடும். அதைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் தட்டையாகப் படுக்கவையுங்கள்.